சொர்ணம்மாள் வீட்டு இரட்டைக் கிடேரி

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடி வீடு இருக்கிறது. அதைக் கட்டியது என் இடது கை. மகளை நர்ஸ் படிக்க வைத்தது, மகனை என்ஜினியர் ஆக்கியது, தங்கச்சிமார் இரண்டு பேரையும் நகை போட்டு அனுப்பியது, அப்பா விட்டுப்போன கரிசல் காட்டில் போர் போட்டுத் தண்ணீர் பார்த்தது எல்லாம் அதே இடது கைதான். அந்தக் கை பிழைப்புக்காக எங்கே போய்விட்டு வருகிறது என்று தெரிந்த சொந்தக்காரர்கள், பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார யோசித்தார்கள். அவர்கள் வீட்டு மாடு கத்த ஆரம்பித்ததும் அந்தக் கையைத் தேடித்தான் வந்தார்கள். வந்தவர்களுக்கு என் வீட்டில் காப்பி கொடுத்தேன். குடித்தார்கள்.

நான் சினை ஊசி முப்புடாதி. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். செயற்கைக் கருவூட்டல் என்று போர்டில் எழுதுவார்கள். ஊருக்குள் அந்தச் சொல்லைச் சொன்னால் எவனுக்கும் புரியாது, சினை ஊசி என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். திருவேங்கடத்திலிருந்து இளையரசனேந்தல் வரைக்கும் இன்றைக்குப் பால் கறக்கிற கலப்பு மாடுகளில் பாதி என் ஊசியில் வந்த வர்க்கம். கூடுதலாகச் சொல்லுகிறேன் என்று நினைத்தால் எந்தப் பால் சொசைட்டியிலும் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு கட்டிய மனுஷன் எதற்கும் அசர மாட்டான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஒரே ஒரு வீட்டில் போன தடவையெல்லாம் வாய் பிளந்து நின்றேன். அந்த வீட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் விளங்காது.

முதலில் நான் மாட்டுக்கு வரவில்லை, பூவுக்குத்தான் வந்தேன். ஒட்டுப் பருத்தி விதை எடுக்கிற காட்டில் கூலி. நாளைக்கு விரியப் போகிற மொட்டை இன்றைக்குச் சாயங்காலமே பிரித்து, ஆண் பாகத்தை மட்டும் நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, சூல் இருக்கிற பெண் பாகத்தைக் கீறாமல் விட வேண்டும். மறுநாள் காலையில் வேறு செடிப் பூவின் தூளைக் கொண்டுவந்து அதில் தடவ வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தூள் செத்துப்போகும், காய் பிடிக்காது. எங்கள் காட்டில் கிராஸ் போடுகிறது என்பார்கள். நான் கிராஸ் போட்ட வரிசையில் பூ உதிராது. அதைப் பார்த்த பால் சொசைட்டி செயலாளர், "இவனுக்கு விரல் இருக்குய்யா" என்று சொல்லி ஊசிப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். கூடப் படித்தவர்கள் எல்லாரும் பன்னிரண்டாம் வகுப்பு. அவர்கள் எழுதினார்கள், நான் தொட்டேன். பயிற்சி அவ்வளவுதான்.

தொழில் இதுதான். பருவத்துக்கு வந்த மாடு கத்தும், தீனி எடுக்காது, பின்னால் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கும். காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி. பூவுக்கு இருக்கிற அதே நேரக் கணக்குதான். காளை வித்தை உறையவைத்திருக்கிற கேனைத் திறந்தால் புகை மாதிரி குளிர் எழும்பும். அதிலிருந்து வித்துக் குச்சியை எடுத்து, கை பொறுக்கிற வெந்நீரில் போட்டு, துடைத்து, முனையை வெட்டி, நீளக் கம்பியில் ஏற்ற வேண்டும். இடது கை மாட்டின் பின்வாசல் வழியாக முழங்கைக்கு மேலே உள்ளே போகும். அங்கிருந்து குடல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கருப்பையின் கழுத்தைத் தடவிப் பிடிக்க வேண்டும். வலது கை கம்பியை முன்வாசல் வழியாக ஏற்றும். கழுத்துக்குள் மூன்று முடிச்சு இருக்கும். ஒவ்வொரு முடிச்சையும் கம்பி தாண்டுவது கைக்குத் தெரியும். தாண்டியதும் மெதுவாக அமுக்கிவிட வேண்டும். அவசரப்பட்டவன் முடிச்சுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு, மாட்டின் மேல் பழி போட்டுவிட்டுப் போவான்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் ரெஜினா. கால்நடை மருந்தகத்தில் அவர் சேர்ந்தபோது, "பொம்பளை மாட்டுக்குள்ள கை விடுவாளா?" என்று ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. அவர் வளையலைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார், கடிகாரத்தைக் கழற்றினார், புடவை முந்தானையைச் சொருகினார், விட்டார். வேடிக்கை முடிந்துபோனது.

அவருக்கு இரண்டு பழக்கம் உண்டு. தடவிப் பார்த்து முடித்ததும் ஒரு வார்த்தை பேச மாட்டார். சோப்புப் போட்டு, தோள் வரைக்கும் கழுவி, துடைத்து, அதற்கப்புறம்தான் வாய் திறப்பார். மாட்டுக்காரன் தவித்துப்போவான். "கை சுத்தமாகிற வரைக்கும் மனசுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்" என்பார். இன்னொன்று, என்னைத்தான் முதலில் தடவச் சொல்லுவார். நான் எதையாவது உளற ஆரம்பித்தால், "முப்புடாதி, வாயால சொல்லாதீங்க. விரலால சொல்லுங்க. எவ்வளவு தடிமன்? எந்தப் பக்கம்? கல்லா, பழமா?" என்று மடக்குவார். சரியா தப்பா என்று மட்டும் சொல்ல மாட்டார். தானும் தடவிப் பார்த்துவிட்டு, கழுவிவிட்டு, "ம்" என்பார். அந்த "ம்" வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாங்கினேன்.

ஒரு சொல் அவர் காதில் விழக் கூடாது. மலடு. எவனாவது, "டாக்டரம்மா, இது மலட்டு மாடு" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால், "அது என்ன நோய்? காரணம் தேடச் சோம்பல்பட்டவன் கண்டுபிடிச்ச வார்த்தை அது. எப்பக் கத்துச்சு, எப்ப ஊசி போட்டீங்க, அதைச் சொல்லுங்க" என்று முகத்துக்கு நேரே கேட்பார். நானே ஒரு தடவை வாய் தவறிச் சொல்லி, அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை.

இப்போது அந்த வீட்டுக்கு வருகிறேன்.

பனவடலிசத்திரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம், இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே சொர்ணம்மாள் என்று ஒரு அம்மா. புருஷன் இல்லை, ஒரே மகன் கணேசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். சொர்ணம்மாளின் செல்வாக்கு அவள் ஆட்டுத் தொழுவில் இருந்தது. எல்லாம் நம்ம பக்கத்துக் கன்னி ஆடு. கறுத்த உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு இழுத்தாற்போல் வெள்ளை. தொழுவே மினுங்கும். ஒவ்வொரு ஆடும் எந்த ஆட்டின் குட்டி, எந்தக் கிடாவுக்குப் பிறந்தது, எத்தனையாவது ஈத்து என்று நிறுத்தாமல் சொல்லுவாள். வாய் மட்டும் நல்ல வாய் இல்லை.

ஒருநாள் போன் வந்தது. "ஊசிக்காரரே, மருமக கொண்டாந்த கிடேரி பருவத்துக்கே வர மாட்டேங்கு. வந்து பாரும்."

மருமகள் முத்துச்செல்வி. கல்யாணம் ஆகி மூன்று வருஷம். அவளுடைய அப்பா இளையரசனேந்தல் பக்கம், கல்யாணத்துக்குச் சீராக ஒரு ஜெர்சிக் கிடேரிக் கன்று கொடுத்திருந்தார். போய்ப் பார்த்தேன். கிடேரி வளர்ந்து நிற்கிறது, தளதளவென்று. ஆனால் பார்த்ததுமே என் கண்ணில் ஏதோ உறுத்தியது. தோள் காளைக்கு மாதிரி தடித்திருந்தது. மடி இருக்க வேண்டிய இடத்தில் கொசுக்கடி மாதிரி நான்கு காம்பு. முன்வாசலில் ஒரு கொத்து முடி நீளமாகத் தொங்கியது. கம்பியைச் சுத்தம் பண்ணி முன்வாசலில் வைத்தேன். நான்கு விரல் அளவு போனதும் முட்டிக்கொண்டு நின்றது. கையை விட்டுக் கழுத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. இந்தக் கை தேடி ஒன்று கிடைக்காமல் போனது அன்றைக்குத்தான்.

"டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வாரேன் ஆத்தா. இது நான் முடிவு சொல்லுத விஷயம் இல்ல" என்றேன்.

"நீரு என்ன சொல்லுதது? எனக்குத் தெரியாதா? மாடும் மலடு, கொண்டாந்தவளும் மலடு. ஒரே வீட்டு வித்துதான ரெண்டும்?"

முத்துச்செல்வி புண்ணாக்குத் தண்ணி வாளியோடு பக்கத்தில் நின்றாள். வாளியைக் கீழே வைத்து, மாட்டுக்குக் காட்டிவிட்டு, உள்ளே போய்விட்டாள். மாட்டுத் தொழுவில் எத்தனையோ கெட்ட வார்த்தை கேட்டவன் நான். ஒரு பொம்பளைப் பிள்ளையை மூக்குக்கு நேராக மாட்டோடு சேர்த்துக் கட்டிப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். கம்பியை உறைக்குள் போடக்கூட மறந்துபோய் நின்றேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். வழக்கம்போல் நான் முதலில் கை விட்டேன்.

"விரலால சொல்லுங்க."

"கழுத்து இல்லம்மா. கருப்பை இருக்குற இடத்துல நூல் மாதிரி ரெண்டு ஓடுது. சணல் கயிறு தடிமன்கூட இல்ல."

அவர் கை விட்டார். வெகுநேரம் தடவினார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். கையை வெளியே எடுத்தவர், சோப்பைக்கூட வாங்காமல், "இந்தக் கன்னு இரட்டையா?" என்று கேட்டுவிட்டார். கழுவாமல் அவர் பேசிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

முத்துச்செல்விதான் பதில் சொன்னாள். "ஆமா டாக்டர். கூட ஒரு காளங்கன்னு. அது எங்க வீட்டுல நிக்கி."

டாக்டரம்மா விளக்கினார். மாட்டு வயிற்றில் காளையும் கிடேரியும் சேர்ந்து இரட்டையாக வளர்ந்தால், இரண்டின் நஞ்சுக்கொடியும் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் ரத்தம் தங்கச்சிக்குள் ஓடும். காளைக்கான சுரப்பு முதலிலேயே வந்து கிடேரியின் கருப்பையை வளரவிடாமல் பண்ணிவிடும். வெளியே கிடேரி, உள்ளே ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். "இது யார் தப்பும் இல்ல. வம்சக் கோளாறும் இல்ல. இதோட அம்மா மறுபடி நல்ல கன்னு போடும்." இங்கிலீஷில் ஒரு பேரும் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. நம்ம பக்கம் மாடு இரட்டை போடுவதே அபூர்வம். அதனால் எனக்கே அது புதுசு. அந்தப் பிள்ளை மேலிருந்த பழி தீர்ந்தது என்று மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது.

அந்த நிம்மதி ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட நிற்கவில்லை.

சொர்ணம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "ஆம்பளையோட இரட்டையாப் பொறந்தா பொட்டைக்குக் கருப்பை இருக்காதா?"

"மாட்டுக்கு, ஆமா."

"யம்மா! இவளும் இரட்டைதான! இவ தம்பி முத்துக்குமார் இவகூடப் பொறந்தவன்லா! இரட்டைக்கு இரட்டைன்னுதான இவ அப்பன் இந்தக் கன்னைச் சீராக் குடுத்தான்! ஊரே பாத்து ராசின்னு சொல்லிச்சே!"

கூடி நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முத்துச்செல்வியின் வயிற்றைப் பார்த்தார்கள். நான் சொல்லுவதை நம்புங்கள், ஒருத்தர் மிச்சமில்லாமல் பார்த்தார்கள். டாக்டரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது, விரலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "மனுஷங்களுக்கு இது கிடையாது! இது மாட்டுக்கு மட்டும்தான்!" என்று கத்தினார். எவன் கேட்கிறான்? கூட்டத்தில் ஒரு கிழவர், "டாக்டரே சொல்லிட்டாக. ரத்தம் கலந்துட்டா என்ன மனுஷன், என்ன மாடு" என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் நான் ஊசிக்குப் போன ஊரிலெல்லாம் அதே பேச்சு. பனவடலிசத்திரத்தில் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "என்ன அண்ணாச்சி, பொம்பளைக்குள்ள பொம்பளை இல்லைன்னு கண்டுபிடிச்சிட்டீகளாமே?" டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். திருவேங்கடத்தில் ஒரு வீட்டில், இரட்டையாகப் பிறந்த பெண்ணுக்குப் பேசி முடித்த சம்பந்தத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். ஒரு மாட்டைத் தடவப் போய் ஊர்ப் பிள்ளைகளின் வாழ்க்கையில் கை வைத்த மாதிரி ஆகிவிட்டதே.

கணேசனே ஒருநாள் ரோட்டில் வண்டியை நிறுத்தி என்னைப் பிடித்தான். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை அவ அப்பாவை வரச் சொல்லிருக்கு. அம்மா மாட்டையும் அவளையும் சேத்து அனுப்பப் போறாங்களாம். எனக்கு வேற பொண்ணு பாக்காங்க."

"நீ என்னலே சொன்ன?"

"நான் என்னத்தைச் சொல்ல?"

"ஆஸ்பத்திரியில ரெண்டு பேரும் பாத்தீங்களா?"

"அவளைத்தான் ஒருவாட்டி கூட்டிட்டுப் போனாங்க. எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. அம்மா நம்பலை. என்னைப் பாக்க வேண்டாம்னுட்டாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு ஊரில் நாலு மாடு சேர்ந்தாற்போல் சினை பிடிக்காமல் போனால் நான் முதலில் மாட்டைப் பார்க்க மாட்டேன். கேனில் இருக்கிற வித்து உயிரோடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். மாட்டுக்கு இருக்கிற நியாயம்கூட அந்த வீட்டில் மருமகளுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவும் நானும் அவர் ஸ்கூட்டரில் கிளம்பினோம். வழியெல்லாம் அவர் மனுஷக் கருவைப் பற்றி எப்படி விளக்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னால் உட்கார்ந்து கேட்கக் கேட்க எனக்குத் தூக்கம் வந்தது.

"அம்மா, குறுக்க பேசுதேன்னு நினைக்காதீக. இது அந்த வீட்டுல நிக்காது. கண்ணால பாத்ததைச் சொன்னாத்தான் நம்புவா அந்த அம்மா."

"எதைப் பாத்திருக்காங்க அவங்க?"

"ஆட்டை. கன்னி ஆடு இரட்டை இரட்டையாத்தான போடுது? கிடாவும் பெட்டையும் சேந்து பொறக்கத்தான செய்யுது? அந்தப் பெட்டையெல்லாம் சினை பிடிக்கா, இல்லையா?"

ஸ்கூட்டர் ரோட்டோரம் நின்றுவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "பிடிக்கும். ஆட்டுல நஞ்சுக்கொடி ஒட்டுனாலும் ரத்தக்குழாய் சேர்றது ரொம்ப அபூர்வம்" என்றார். வண்டியை மறுபடி கிளப்பினார். அப்புறம், "ம்" என்றார்.

நாங்கள் போனபோது முற்றத்தில் முத்துச்செல்வியின் அப்பா தலை குனிந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துணிப்பை கட்டி வாசலில் இருந்தது. கணேசன் வண்டி மேல் சாய்ந்து நின்றான். ஊர்க் கூட்டம் போன தடவையைவிடப் பெருசு.

நான் யாரிடமும் பேசாமல் நேரே ஆட்டுத் தொழுவுக்குப் போனேன். "ஆத்தா, இங்கன வாங்க. இந்தக் கொம்பு வளைஞ்சவ நல்லாருக்காளே. யாரு குட்டி?"

ஆட்டைப் பற்றிக் கேட்டால் சொர்ணம்மாளால் சும்மா இருக்க முடியாது. "அது மூளிக்காதிக்குப் பொறந்தது."

"தனியாவா, இரட்டையா?"

"இரட்டைதான். கூட ஒரு கிடா. அந்தக் கிடாவைத்தான போன கோயில் கொடைக்கு வெட்டுனோம்."

"இவ எத்தனை ஈத்து ஆச்சு?"

"நாலு. நாலும் இரட்டை" என்றாள், பெருமையாக.

"அந்தச் சின்னவ?"

"அவளும் கிடாகூடத்தான். தலையீத்துலயே ரெண்டு போட்டா." சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கண் ஒவ்வொரு ஆடாகப் போனதை நான் பார்த்தேன். ஆட்டை எண்ணவில்லை அவள், பிறந்த கதையை எண்ணினாள்.

"கூடப் பொறந்த கிடா ரத்தம் இவளுக வயித்தைக் கெடுக்கலையே ஆத்தா?"

கூட்டத்தில் ஒரு பொம்பளை களுக்கென்று சிரித்தாள். "அப்ப சொர்ணக்கா தொழுவுல பாதி மலடுல்லா இருக்கணும்!" இன்னொருத்தன், "ஏ சொர்ணம், கிடாகூடப் பொறந்ததையெல்லாம் ஓட்டிவிடு, நான் பிடிச்சுக்கிடுதேன்!" என்றான். சிரிப்பு பரவியது. டாக்டரம்மா அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, மாட்டுக்கு மட்டும் ஏன் அப்படி, ஆட்டுக்கு ஏன் இல்லை, மனுஷருக்கு ஏன் இல்லை என்று நாலே வாக்கியத்தில் சொன்னார். இந்தத் தடவை கேட்டார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அதையும் கேட்டார்கள்.

சொர்ணம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தோற்றுப்போன மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது அவளுக்கு. "சரி சரி. எனக்கென்ன தெரியும், டாக்டர் சொன்னதைத்தான சொன்னேன். ஏட்டி செல்வி, பையை உள்ள கொண்டு வை. ஆட்டுக்கு உள்ள ராசி உனக்கும் இருக்கட்டும். இருந்துட்டுப் போ."

ஜெயித்துவிட்டேன் என்று என் மனசு பொங்கியது. ஒரு குடும்பத்தை இந்த வாயால் ஒட்டவைத்துவிட்டேனே! முத்துச்செல்வியின் அப்பா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

முத்துச்செல்வி பையை எடுத்தாள். உள்ளே போகவில்லை.

"அத்தை, இம்புட்டு நாளா மாட்டைக் காட்டி என்னை வேண்டாம்னீங்க. இப்ப ஆட்டைக் காட்டுனதும் இருன்னு சொல்லுதீங்க. நாளைக்குக் கோழி அடைக்கு உக்காரலைன்னா என்ன சொல்லுவீங்க?"

கத்தவில்லை. ரேஷன் கடையில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்கிற குரல். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா என்னைப் பத்தி என்கிட்ட ஒருத்தரும் கேக்கலை. உங்களையும் சேத்துத்தான்."

டாக்டரம்மா தரையைப் பார்த்தார்.

அவள் நேரே போய்க் கிடேரியை அவிழ்த்தாள். பால் கறக்காத, கன்று போடாத, எதற்கும் ஆகாது என்று எல்லாரும் முடிவு பண்ணிய மாடு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு லோடு ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கணேசனை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏத்துங்க" என்றாள்.

அவன் அன்றைக்கு முழுவதும் ஒரு வார்த்தை பேசாதவன். வண்டியின் பின்கதவை இறக்கினான். பலகை போட்டான். மாட்டை ஏற்றினான்.

"ஏலே கணேசா!" சொர்ணம்மாள் குரல் உடைந்தது. "எங்கலே போற?"

"மாடு தனியா நிக்காதும்மா. ஒரு ஆள் கூடப் போணும்" என்றான்.

வண்டி போய்விட்டது. மாமனார் முன்னால் ஏறிக்கொண்டார், அவன் ஓட்டினான், அவள் பின்னால் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊசி போட வந்த வீட்டிலிருந்து ஒரு மருமகள் தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டு போனதைப் பார்த்து, நான் அங்கேயே திகைத்துப்போய் நின்றேன். கணேசன் திரும்பி வந்தது அடுத்த கொடைக்குத்தான். அதுவும் சாமி கும்பிட்டுவிட்டு அவளோடு கிளம்பிப் போவதற்கு.

இரண்டு பேரும் இப்போது சங்கரன்கோவிலில் இருக்கிறார்கள். அவன் பூ மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிறான், அவள் அங்கேயே மல்லிகை ஏலம் எடுத்து வியாபாரம் பண்ணுகிறாள். போகிற வருகிற நேரத்தில் பார்ப்பேன், "வாங்க அண்ணாச்சி" என்பாள். பிள்ளை உண்டா இல்லையா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவள் என்ன மாடா, நான் தடவிப் பார்த்துச் சொல்லுவதற்கு? அதை அன்றைக்குப் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது லேசான பாடம் இல்லை.

சொர்ணம்மாள் ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "நீருதான்வே என் வீட்டை ரெண்டாக்குனீரு" என்றாள். "ஆமா ஆத்தா" என்றேன். சும்மா சொல்லவில்லை, எனக்கு அதில் ஒரு பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன மாசம் புதுசாக ஊசி படிக்கிற பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு இளம் டாக்டர் சுவரில் படம் போட்டு, இரட்டைக் கிடேரியைப் பற்றி நடத்தினார். நடத்திவிட்டு, "நம்ம பகுதியில ஒரு பெண் டாக்டர், ஆட்டை உதாரணம் காட்டி, பிரிய இருந்த ஒரு குடும்பத்தைச் சேத்துவச்சாங்க" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எழுந்து, "ஆட்டைக் கேட்டது நான் தம்பி. குடும்பமும் சேரலை, அந்தப் பிள்ளை கிளம்பிப் போயிட்டா" என்றேன். "அப்படியா ஐயா, சந்தோஷம், உக்காருங்க" என்றார் அவர். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

ரெஜினா டாக்டர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய பங்கை நான் குறைக்கவில்லை. நூல் மாதிரி ஓடுகிறதை இன்னதென்று கண்டுபிடித்தது அவர், நாலு வாக்கியத்தில் ஊரை உட்காரவைத்தது அவர். வண்டியில் மாட்டை ஏற்றச் சொன்னது முத்துச்செல்வி, அதை எவனும் என் கணக்கிலோ டாக்டர் கணக்கிலோ எழுதக் கூடாது. ஆனால் ஆட்டுத் தொழுவுக்குள் நுழைந்து, "தனியாவா, இரட்டையா?" என்று கேட்டது யார்? அதற்கு ஒரு ஆள் இருக்கிறான், இன்னும் உயிரோடு இருக்கிறான், அந்த வகுப்புக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறான்.

அடுத்த வகுப்பில் அந்தப் படத்தைப் போடுகிறவர்கள் கதையை நடந்தபடி சொல்ல வேண்டும். ஆட்டைக் கேட்டவன் முப்புடாதி என்றும் சொல்ல வேண்டும். முன்னால் திரு போட வேண்டாம். சினை ஊசி என்று போடுங்கள்.